கொரோலா 110: டைமிங் லைட்டில் 10 காட்டுது, ஏத்தத்தில் மட்டும் இழுவை இல்லை

ஹட்டன்_110:

அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். கார் டொயோட்டா கொரோலா ஏஈ110, 5ஏ-எஃப்ஈ எஞ்சின், மேனுவல் கியர், மீற்றரில் 214,000 கிலோமீற்றர். வாங்கி ரெண்டு மாசம். விற்றவர் டைமிங் பெல்ட்டைப் புதுசா மாற்றித்தான் கொடுத்தார், பில் இருக்கு.

பிரச்சினை: கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது ரெண்டாவது கியரில் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே விழுந்தா, எவ்வளவு மிதிச்சாலும் எழும்பாது. முதல் கியருக்குத்தான் போகணும். 3500 தாண்டிட்டா பரவாயில்லை, நல்லா ஓடுது. நீண்ட ஏத்தத்தில் டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே போகுது. காலை எடுத்தா சைலன்சரில் பொட் பொட்னு வெடிக்குது.

பிளக், பிளக் வயர், எயார் ஃபில்டர், பெற்றோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாச்சு. 92 அடிச்சதை 95-ஆக்கிப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

இங்கே ஒரு கராஜில் டைமிங் லைட் பிடிச்சுப் பார்த்தாங்க. 10 டிகிரி காட்டுது, டைமிங்கில் தப்பில்லைன்னு சொன்னாங்க. பிறகு கம்ப்ரஷன் பார்த்தாங்க: 128, 126, 130, 125 பி.எஸ்.ஐ. வெக்யூம் கேஜ் ஐட்லிங்கில் 12 அங்குலம், முள் ஆடாம நிற்குது. "190 வரணும், 128-தான் வருது, பிஸ்டன் ரிங் போயிட்டு. எஞ்சினை இறக்கணும், இல்லைன்னா ரெக்கண்டிஷன் எஞ்சின் ஒன்று போடுங்க" என்கிறாங்க. இறக்கலாமா?

---

நானுஓயா ஸ்பேனர்:

தம்பி, எஞ்சினில் கை வைக்காதீர்கள். அந்த கராஜ்காரர் கையேட்டில் உள்ள எண்ணைக் கடல் மட்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார். மலைநாட்டில் இந்த ஒரு மறதியால் திறக்கப்பட்ட நல்ல எஞ்சின்கள் நிறைய.

ஹட்டன் ஏறக்குறைய 1270 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் 86 சதவீதம்தான். நுவரெலியா 1868 மீற்றர், அங்கே 80 சதவீதம். சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்றால் கம்ப்ரஷன் கேஜும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் காட்டும். இந்த ஏ வரிசை எஞ்சினுக்குப் புதிதில் 190 பி.எஸ்.ஐ. அளவு, ஆகக் குறைந்த எல்லை 142, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14-க்குள். ஹட்டனில் இதை 0.86-ஆல் பெருக்குங்கள்: 190 என்பது 163 ஆகும், 142 என்பது 122 ஆகும். ஆக உங்கள் 128 எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. நல்ல எண் என்று சொல்லவில்லை, ஆனால் எஞ்சின் இறக்குகிற எண்ணும் இல்லை.

வெக்யூம் கேஜும் அப்படியே. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 18 முதல் 20 பாதரச அங்குலம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் கழியுங்கள். ஹட்டனுக்கு 4 போனால் 14 முதல் 16. நுவரெலியாவில் 12 காட்டினால் நான் கேஜைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஹட்டனில் 12 என்றால் எதோ இருக்கிறது.

இப்போது முக்கியமானது. நான்கு சிலிண்டரும் 5 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் ஒரே சீராகக் குறைந்திருக்கின்றன. 214,000 ஓடிய எஞ்சினில் ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் நான்கும் பேசி வைத்துக்கொண்டு தேயாது, ஒன்று 150, ஒன்று 110 என்று நிற்கும். நான்கும் சேர்ந்து குறைந்து, வெக்யூம் முள்ளும் ஆடாமல் தாழ்ந்து நின்றால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் பிந்தி ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளிழுக்கும் வால்வு பிந்தி மூடினால், பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போகும். வேகம் கூடினால் காற்றின் ஓட்ட வேகம் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். 2000-இல் படுத்து 3500-க்கு மேல் எழும்புகிறது என்று நீங்கள் சொல்வது அதோடு பொருந்துகிறது.

"லைட்டில் 10 காட்டுதே" என்பீர்கள். டைமிங் லைட் பார்ப்பது பொறியை மட்டும். வால்வு எப்போது திறக்கிறது என்று அந்த லைட்டுக்குத் தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி எந்த எண்ணையும் வரவைக்கலாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்:

ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் 12 மில்லிமீற்றர் போல்ட் இரண்டும் அந்த நீள் துளையில் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் முட்டி நிற்கிறதா? ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இரண்டு, கராஜில் லைட் பிடித்தபோது ஜம்பர் வயர் போட்டார்களா?

மூன்று, கம்ப்ரஷனைத் திரும்பப் பாருங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி. மிதிக்காமல் பார்த்தால் எந்த எஞ்சினும் செத்ததுபோல் காட்டும். பிறகு பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி, 5 மில்லிலீற்றர் போதும், எஞ்சின் ஒயில் விட்டு இன்னொரு முறை. எண் 25, 30 என்று துள்ளினால் ரிங். அசையாவிட்டால் ரிங் இல்லை.

---

கினிகத்தேனை ஏத்தம்:

ஸ்பேனர் அண்ணே சொன்னதுக்கு முன்னாடி காசில்லாமல் பார்க்கிறதையும் பார்த்துடுங்க. ஏத்தத்தில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச். உங்களுக்கு ஆர்பிஎம்மே ஏறலை, அதனால் கிளட்ச் இல்லை. சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பாருங்க, ஒரு ஆள் தள்ளி உருளணும், இல்லைன்னா பிரேக் பிடிச்சிருக்கு. சைலன்சர் அடைப்புக்கு வெக்யூம் கேஜை வைச்சே பார்க்கலாம்: 2500-இல் ஒரு நிமிஷம் பிடிச்சு வைங்க, முள் மெதுவா இறங்கிக்கிட்டே வந்தா அடைப்பு. நின்ற இடத்தில் நின்றா சைலன்சர் நல்லது.

பனிமூட்டத்தில் மட்டும் தடுமாறுதுன்னா அது வேற கதை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம். இருட்டில் பொனெட்டைத் திறந்து வயர்களைப் பாருங்க, நீல நிறத்தில் பொறி ஓடினா மூடியை மாற்றுங்க.

---

பதுளை 4ஏ:

ஜம்பர் விஷயத்தை விளக்குகிறேன், ஏனென்றால் பாதி கராஜில் இதைச் செய்வதே இல்லை.

இந்த எஞ்சினில் பொறியின் நேரத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சும்மா ஐட்லிங்கில் லைட் பிடித்தால் கம்ப்யூட்டர் முன்தள்ளிய எண்ணைத்தான் பார்ப்பீர்கள், அது அங்குமிங்கும் அலையும். அடிப்படை டைமிங் தெரிய வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை ஒதுங்கச் சொல்ல வேண்டும். பொனெட்டுக்குள் "டயக்னோசிஸ்" என்று எழுதிய சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கம் எந்தத் துளை எது என்று படம் போட்டிருக்கும். அதில் டீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். பார்த்து, நிதானமாக. பக்கத்திலேயே பி பிளஸ், அதாவது பெற்றரி மின்சாரம் வரும் துளை, இருக்கிறது, அதைத் தொட்டால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், கம்ப்யூட்டர் போனால் துரதிர்ஷ்டம்.

இணைத்ததும் இக்னிஷனைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், செக் எஞ்சின் லைட்டைப் பாருங்கள். ஒரே சீராகப் படபடவென மின்னினால் பதிவான கோளாறு இல்லை. எண்ணி எண்ணி மின்னினால் அது கோட். உதாரணத்துக்கு ஒரு மின்னல், இடைவெளி, நான்கு மின்னல் என்றால் 14, அது இக்னிஷன் சிக்னல். 41 என்றால் த்ரொட்டில் சென்சர்.

பிறகு எஞ்சினை ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை சூடாக்குங்கள். ஏசி, லைட், ரேடியோ எல்லாம் நிற்க வேண்டும். லைட்டின் கிளிப்பை முதலாம் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள், அது டைமிங் பெல்ட் பக்கம் உள்ள முதல் பிளக். கிராங்க் புல்லியில் உள்ள வெட்டு, கவரில் உள்ள அளவுகோலில் 10-இல் நிற்க வேண்டும். வெட்டில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்துவிட்டால் கண் வலிக்காது.

ஜம்பர் போட்டும் எண் அலைகிறது என்றால் டைமிங்கைத் தொட வேண்டாம். த்ரொட்டில் சென்சரின் ஐட்லிங் தொடர்பு ஒட்டவில்லை என்று பொருள். கால் எடுத்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதவரை அது ஒதுங்காது. சென்சரைச் சரிசெய்த பிறகுதான் லைட்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவு என்பதால் எஞ்சின் லேசில் தட்டாது. அந்தத் தைரியத்தில் சிலர் 14, 15 என்று முன்னால் தள்ளி ஓட்டுகிறார்கள், இழுவையும் கொஞ்சம் கூடும். அதே காரில் நான்கு பேரை ஏற்றி, 92 அடித்து, அவிசாவளைப் பக்கம் வெயிலில் இறங்கினால் கடகடவென்று தட்டும். தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டன் போகும். 10 என்றால் 10-இலேயே வையுங்கள்.

---

ஹட்டன்_110:

பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட் ரெண்டும் நீள் துளையின் ஓரத்தில் முட்டி நிற்குது, அதுக்கு மேல திருப்ப இடமில்லை. ஜம்பர் கராஜில் போடலையாம். நான் டீஈ1, ஈ1 சேர்த்துப் பார்த்தேன், எண் அசையாம நிற்குது, ஆனா 4 டிகிரிதான். கோட் எதுவும் இல்லை.

கம்ப்ரஷன் முழுக்க மிதிச்சுப் பார்த்தது: 131, 129, 132, 128. ஒயில் விட்ட பிறகு 136, 134, 137, 133. வெக்யூம் 2500-இல் ஒரு நிமிஷம் பிடிச்சும் முள் இறங்கலை.

---

நானுஓயா ஸ்பேனர்:

அப்படியென்றால் எஞ்சின் தப்பியது. ஒயிலுக்கு 5 பி.எஸ்.ஐ. கூடுவது சாதாரணம்.

கணக்குப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கேம்ஷாஃப்டில். கேம் பிந்தினால் பொறியும் அதே அளவு பிந்தும். பெல்ட் வழியாகக் கேமைச் சுற்றுகிற கிராங்க் பல்சக்கரத்தில் இருபது பல் அளவில் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. நடுவில் வைத்தால் 10 காட்ட வேண்டிய டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு பல் பிந்திய கேமில் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி) பிறகு 8-இல் நிற்கும். பெல்ட் போட்டவர் அதைக் கண்டு, டிஸ்ட்ரிபியூட்டரை முட்டும்வரை திருப்பியிருக்கிறார். அப்படியும் 4-தான் எட்டியது. ஜம்பர் இல்லாமல் பார்த்ததால் கம்ப்யூட்டர் மிச்சத்தைக் கூட்டி 10 என்று காட்டியது. வால்வும் லேட், பொறியும் லேட். பொறி லேட் ஆனதால் நெருப்பு சைலன்சர் பக்கம் போய் எரிகிறது, அதுதான் வெடிச் சத்தமும் ஏறுகிற சூடும்.

இனி திறந்து உறுதிசெய்ய வேண்டும். ஹட்டனில் சமதரை தேடுவது பாடுதான், ஆனாலும் சாய்வில் ஜாக் போடாதீர்கள். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள், ஜாக்கோடு ஸ்டாண்டும் வேண்டும். பெற்றரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரைவர் பக்க முன் சக்கரம், அதன் உள்பக்கத் தகடு, ஆல்டர்னேட்டர் பெல்ட், வால்வ் கவர், மேல் டைமிங் கவர். இவ்வளவு போதும், பார்ப்பதற்கு.

பிளக் நான்கையும் கழற்றிவிட்டுக் கிராங்க் போல்ட்டில் ரெஞ்ச் போட்டுக் கடிகார முள் திசையில் சுற்றுங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்ற வேண்டாம். புல்லி வெட்டு 0-வுக்கு வரும்போது கேம் பல்சக்கரத்தில் உள்ள துளை வழியாகப் பின்னால் பாருங்கள். பேரிங் மூடியில் உள்ள குறி துளையின் நடுவில் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் துளை நின்றால் பயப்படாதீர்கள், கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுழலும் திசையில் குறியை எட்டாமல் துளை ஒரு பல் அகலம் பின்தங்கி நின்றால் நாம் நினைத்ததுதான்.

---

பண்டாரவளை கராஜ்:

குறுக்கே ஒரு வார்த்தை. புல்லி வெட்டை அப்படியே நம்ப வேண்டாம். பழைய கார்களில் புல்லியின் வெளிவளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் இருக்கும் ரப்பர் காய்ந்து வெளிவளையம் நழுவியிருக்கும். அப்போது 0 என்பது பொய். முதலாம் பிளக் துளையில் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிச் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து குழாய் நின்று திரும்பும் இடம் கையில் தெரியும். இரும்புக் கம்பி, ஸ்குரூடிரைவர் போட்டு பிஸ்டனைக் கீற வேண்டாம். வெட்டும் குழாயும் ஒத்துப்போனால் புல்லி சரி.

புல்லியைக் கழற்றினால் கிராங்க் பல்சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைக்கும் சிறு துண்டான கீயையும் பாருங்கள். கீ தேய்ந்து சக்கரம் ஆடினால் எத்தனை தடவை பெல்ட் வைத்தாலும் டைமிங் நிற்காது. கிராங்க் போல்ட்டை ஏனோதானோ என்று முறுக்கிய காரில்தான் இது வரும்.

---

லிந்துலை 121:

இடையில் கேட்கிறதுக்கு மன்னிக்கணும். என்னது கொரோலா 121, 1என்இசட் எஞ்சின். பி0011 கோட் வருது, ஏத்தத்தில் மந்தம். இதுவும் பல் தாண்டினதா?

---

பதுளை 4ஏ:

அது வேறு இனம், செயின் போட்டது. பி0011 மட்டும் என்றால் செயினைத் தொடாதீர்கள். முதலில் ஒயில், அளவும் தரமும். பிறகு விவிடி (வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு) ஒயில் கன்ட்ரோல் வால்வ்: கழற்றி ஓம் பாருங்கள், குளிர்ந்த நிலையில் 6.9 முதல் 7.9 வர வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே உள்ள தண்டு சட்டென நகர வேண்டும். எஞ்சின் ஹெட்டில் ஒரு போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் சல்லடைத் துண்டை எடுத்துக் கழுவுங்கள், ஒயில் மாற்றாத கார்களில் கறுப்புச் சேறாக அடைத்திருக்கும். பி0016 சேர்ந்து வந்தால் செயின் நீட்சி, அப்போது தனி இழை தொடங்குங்கள். அந்த எஞ்சினில் செயின் தாண்டினால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், 5ஏ போல மோதாமல் தப்பிக்க முடியாது.

---

ஹட்டன்_110:

திறந்துட்டேன். குழாயும் வெட்டும் ஒத்துப்போகுது, கீ நல்லது. கேம் துளை சரியா ஒரு பல் பின்னாடி. பேரிங் மூடிக் குறி துளையில் தெரியவே இல்லை, ஓரமா நிற்குது. இப்ப எப்படி வைக்கிறது? ரெண்டு மாசப் பெல்ட்டையே போடலாமா?

---

நானுஓயா ஸ்பேனர்:

பெல்ட்டை முதலில் பாருங்கள். ஒயில், கூலன்ட் பட்டிருக்கக் கூடாது, பல் அடியில் வெடிப்பு இருக்கக் கூடாது, யாரும் உட்பக்கமாக முறுக்கி மடித்திருக்கக் கூடாது. சுத்தமாக இருந்தால் போடலாம். கழற்றும் முன் சுழலும் திசைக்கு அம்புக்குறி ஒன்று சாக்பீஸால் போட்டுக்கொள்ளுங்கள், திசை மாற்றிப் போடக் கூடாது. கேம் சீல், கிராங்க் சீல் இரண்டிலும் கசிவின் தடம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். டென்ஷன் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றுங்கள், கரகரவென்றால் புதிது. இதை மட்டும் ரெக்கண்டிஷன் சாமானில் வாங்காதீர்கள்.

எஞ்சினைக் கீழிருந்து பலகை வைத்து ஜாக்கில் தாங்கிவிட்டு டிரைவர் பக்க மவுண்டிங்கைக் கழற்றினால் பெல்ட்டை வெளியே எடுக்கலாம். கிராங்க் புல்லியும் கீழ்க் கவரும் போன பிறகு, கிராங்க் பல்சக்கரத்தில் உள்ள குறியை ஒயில் பம்ப் உடலில் உள்ள குறியோடு வையுங்கள். கேம் துளையைக் குறியின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் மோதாது, கேமைத் தனியாக நகர்த்தினாலும் எதுவும் வளையாது.

தப்பு நடக்கும் இடம் இனிதான். கிராங்க் சுழலும்போது கேமை இழுக்கும் பக்கம் ஒன்று, டென்ஷனர் உள்ள பக்கம் மற்றது. பெல்ட்டை மாட்டும்போது இழுக்கும் பக்கம் விறைப்பாக, தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் இருக்க வேண்டும். இழுக்கும் பக்கம் தளர்வை விட்டால், குறிகள் பார்வைக்குச் சரியாக இருக்கும். கிராங்க் சுற்றத் தொடங்கியதும் அந்தத் தளர்வு முடியும்வரை கேம் நின்று, பிறகு ஓடும். கேம் ஒரு பல் லேட். உங்கள் காரில் நடந்தது அநேகமாக இதுதான்.

மாட்டியதும் டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங் தானாக இழுக்க விடுங்கள். ஸ்குரூடிரைவர் போட்டு நெம்பி இறுக்க வேண்டாம், இறுகிய பெல்ட் ஊளையிடும், பேரிங் சாகும். கிராங்கைக் கடிகார முள் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி மீண்டும் 0-வில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், இன்னும் இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டு குறியும் ஒத்துப்போனால் டென்ஷனர் போல்ட்டை 37 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். இழுக்கும் பக்கத்தில் நடுவில் 2 கிலோ அழுத்தத்துக்குப் பெல்ட் 5, 6 மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும். கிராங்க் போல்ட் 118 நியூட்டன் மீற்றர், டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள், பண்டாரவளைக்காரர் சொன்ன கீ இங்கேதான் சாகிறது.

கவர் மூடும் முன் இன்னொரு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிடம்தான் போகும். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டரை நீள் துளையின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஜம்பர் போட்டு 10.

---

ஹட்டன்_110:

முடிஞ்சது. பெல்ட் சுத்தமா இருந்தது, அதையே போட்டேன். பேரிங்கும் கேம் சீலும் புதுசு. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட் இப்ப ஏறக்குறைய நடுவில், ஜம்பரோட 10. கம்ப்ரஷன் 153, 151, 154, 150. வெக்யூம் 15. கினிகத்தேனை ஏத்தத்தில் ரெண்டாவது கியரில் 1800-இலிருந்து இழுக்குது, வெடிக்கிற சத்தம் இல்லை, முள் நடுவிலேயே நிற்குது. ஐட்லிங் மட்டும் இப்ப 1000-க்கு மேலே ஓடுது, அதை எங்கே குறைக்கிறது?

---

பதுளை 4ஏ:

லேட்டான எஞ்சின் நிற்காமல் ஓட யாரோ த்ரொட்டிலில் உள்ள ஐட்லிங் ஸ்குரூவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சூடான எஞ்சினில், ஜம்பர் போட்டபடி அதை மெதுவாக உள்ளே திருப்பி 800-க்குக் கொண்டு வாருங்கள். பிறகு டைமிங்கை ஒருமுறை லைட்டில் பாருங்கள், ஐட்லிங் மாறினால் அதுவும் ஒரு டிகிரி நகர்ந்திருக்கலாம்.